முளைப்பது வேறு, வளர்வது வேறு: விதையிலிருந்து நாற்று வரை

"எனக்குக் கைராசி இல்லைங்க, எதைப் போட்டாலும் வர மாட்டேங்குது." புதிதாக மாடித்தோட்டம் வைத்தவர்களிடம் பேச ஆரம்பித்தால் பேச்சு அநேகமாக இந்த வரியில்தான் வந்து நிற்கும். நல்ல விதை என்று கேட்டுத்தான் வாங்கியிருப்பார்கள், மண்புழு உரம், வேப்பம்புண்ணாக்கு எல்லாம் கலந்திருப்பார்கள், தினமும் இரண்டு வேளை தண்ணீர் விட்டிருப்பார்கள். அப்படியும் பாதி விதை முளைத்திருக்காது, முளைத்ததில் பாதி நூல் மாதிரி நீண்டு சாய்ந்திருக்கும், பிழைத்த நாலு செடியைப் பெரிய செடிப் பைக்கு மாற்றினால் அது இரண்டு வாரம் அசையாமல் நிற்கும்.

யாரிடமாவது கேட்டால் பதில் உடனே வரும். விதை மட்டம், மண் சரியில்லை, பஞ்சகவ்யா விடுங்க, நிழலில் வைங்க, வெயிலில் வைங்க. இதில் எதுவுமே தப்பான பதில் இல்லை, ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நேரத்துக்குச் சரி. எந்த நேரத்துக்கு என்பதைச் சொல்லாமல் விடுவதால்தான் இத்தனை குழப்பம்.

ஒரு காய்கறிச் செடியின் முதல் சில வாரங்களில் மூன்று வேலைகள் நடக்கின்றன. விதை முளைப்பது ஒன்று, நாற்று வளர்வது இன்னொன்று, இடம் மாறிய இடத்தில் வேர் பிடிப்பது மூன்றாவது. பார்வைக்கு ஒரே செடி தொடர்ந்து பெரிதாவது போலத்தான் இருக்கும். ஆனால் இந்த மூன்றுக்கும் தேவைப்படுவது வேறு வேறு. முதல் வேலைக்கு வேண்டாத உரத்தை அப்போது கொட்டுகிறோம், இரண்டாவது வேலைக்கு அவசியமான வெயிலை அப்போது மறைக்கிறோம், மூன்றாவதில் பொறுமை இல்லாமல் தண்ணீரை ஊற்றுகிறோம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் கைராசிப் பேச்சே வராது.

அடுப்படியில் தினமும் நடப்பதுதான்

வேர்க்கடலை ஒன்றை எடுத்து, மேல்தோலை நீக்கி, மெதுவாக இரண்டாகப் பிளந்து பாருங்கள். ஒரு பாதியின் நுனியில் மூக்கு மாதிரி ஒரு சின்ன முனை ஒட்டியிருக்கும். கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தால் அந்த முனைக்கு உள்பக்கம் மடித்து வைத்த குட்டி இலைகள்கூடத் தெரியும். அதுதான் செடி. மீதி இரண்டு பருத்த பாதிகளும் அந்தச் செடிக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. இந்த இரண்டு பாதிகளுக்கு விதையிலை என்று பெயர். நாம் சமைக்கும் பாசிப்பருப்பும் உளுத்தம்பருப்பும் இந்த விதையிலைகள்தான். தக்காளி, கத்தரி, மிளகாய் விதைகளில் சோற்று மூட்டை தனியாகச் செடியைச் சுற்றி இருக்கும், அமைப்பில் அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆக விதை என்பது உயிரோடு இருக்கிற ஒரு குட்டிச் செடியும், அது வெளிச்சத்துக்கு வந்து சேரும்வரை சாப்பிடத் தேவையான உணவும், இரண்டையும் மூடிய ஒரு தோலும். வெளியிலிருந்து அதற்கு யாரும் சாப்பாடு போட வேண்டியதில்லை.

இப்போது பாசிப்பயறு முளைகட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு தண்ணீரில் ஊறவைக்கிறோம், காலையில் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுகிறோம், மறுநாள் வெள்ளையாக வால் வந்திருக்கிறது. அந்த வால்தான் முளைவேர், பெரும்பாலான விதைகளில் முதலில் வெளியே வருவது அதுதான். இந்த வேலையில் மண் இல்லை, உரம் இல்லை, வெயில் இல்லை. தண்ணீர் இருந்தது, துணியின் இடுக்கு வழியே காற்று இருந்தது, அடுப்படியின் வெதுவெதுப்பு இருந்தது. விதை முளைக்க இந்த மூன்றும் போதும்.

தண்ணீரை ஏன் வடிக்கிறோம் என்று யோசித்திருக்கிறீர்களா? வடிக்க மறந்து இரண்டு நாள் தண்ணீரிலேயே விட்டால் பயறு நுரைத்து நாற்றமெடுத்துவிடும், வாலும் சரியாக வராது. காய்ந்த விதைக்குள் இருக்கிற செடி கிட்டத்தட்டத் தூக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் உள்ளே போனதும் அது விழித்துக்கொண்டு, கட்டுச்சோற்றைக் கரைத்துச் சாப்பிட ஆரம்பிக்கிறது, சாப்பிடுவதற்கு நம்மைப் போலவே மூச்சும் விட வேண்டும். தண்ணீருக்கடியில் கிடந்தால் மூச்சுக்குக் காற்று போதாது. தொட்டியில் போட்ட விதை அழுகுவதும் இதே காரணத்தால்தான். ஈரம் வேண்டும், மூழ்கக் கூடாது.

உரத்துக்கும் இங்கே வேலை இல்லை, அதிகமானால் கெடுதல்கூடச் செய்யும். மாங்காய்த் துண்டில் உப்பைப் பிசறி வைத்தால் கொஞ்ச நேரத்தில் துண்டு தண்ணீர் விட்டுச் சுருங்குகிறது இல்லையா, உரம் என்பது வேரைப் பொறுத்தவரை ஒருவகை உப்புத்தான். விதையைச் சுற்றி அது கனமாக இருந்தால் விதைக்குத் தண்ணீரை இழுப்பது கஷ்டமாகிறது, இளம் வேரின் நுனி கருகுகிறது. சரியாக மக்காத சாணம் இன்னும் மோசம்.

இதுவரை பார்த்தது: விதைக்குள் செடியும் இருக்கிறது, அதற்கான சாப்பாடும் இருக்கிறது. அது எழுந்திருக்கத் தண்ணீர், காற்று, வெதுவெதுப்பு மூன்றும் ஒன்றாக வேண்டும். உரமும் வெயிலும் இந்த வேலைக்கு வேண்டாம்.

அதே வேலை, மண்ணில்

முளைகட்டும் துணியின் இடத்தில் மண்ணை வையுங்கள். அந்த மண் ஈரத்தைப் பிடிக்க வேண்டும், காற்றும் போய்வர வேண்டும். தோட்டத்து களிமண்ணைத் தனியாகத் தொட்டியில் நிரப்பினால் நாலு நாளில் மேலே ஓடு மாதிரி இறுகிவிடும். அதனால்தான் நாற்று விடுவதற்குக் கோகோபீட், அதாவது தென்னை நார்க்கழிவுத் தூளை, பாதிக்குமேல் கலக்கிறார்கள். அதில் சத்து என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் கிடையாது, முளைக்கிற விதைக்கு அதனால் நஷ்டமும் கிடையாது. கட்டியாக வாங்கினால் ஊறவைத்து இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்துங்கள், கழுவாத கோகோபீட்டில் உப்பு இருக்கும், மாங்காய்க் கதை திரும்ப வந்துவிடும்.

எவ்வளவு ஆழம்? விதையின் பருமனைப்போல இரண்டு மடங்கு, அதிகம் போனால் மூன்று மடங்கு. பீன்ஸ், அவரை, பாகல் என்றால் விரலின் முதல் கணுவில் பாதி. தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு அரை சென்டிமீட்டர். கீரை விதையைத் தூவிவிட்டு மேலே மண்ணை உப்பு தூவுவதுபோல லேசாகத் தூவினால் போதும். கட்டுச்சோறு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு தூரம்தான் முளையால் ஏறி வர முடியும், அதுதான் இந்தக் கணக்கின் அடிப்படை. தண்டுக்கீரை விதைக்கு இரண்டு அங்குல மண் என்பது ஏறவே முடியாத மலை.

அவரையோ பீன்ஸோ போட்டிருந்தால் நாலாவது ஐந்தாவது நாள் காலையில் கொஞ்சம் குனிந்து பாருங்கள். மண் முதலில் மயிரிழையாக வெடித்திருக்கும். வெடிப்புக்குள் வெளிறிய பச்சையில் வளைந்த ஒரு கழுத்து தெரியும், தலை தெரியாது. செடி தன் மென்மையான நுனியை மண்ணில் முட்டவிடாமல், கழுத்தை வளைத்து, அந்த வளைவால் மண்ணைத் தள்ளித் தலையைப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டு வருகிறது. மதியத்துக்குள் கழுத்து நிமிர்ந்து விதையிலை இரண்டும் விரிய ஆரம்பித்துவிடும். மேல்மண் இறுகியிருந்தால் இந்தக் கழுத்து அங்கேயே ஒடிந்துபோகும். முளைக்கவில்லை என்று நாம் முடிவுகட்டிய பல விதைகள் உள்ளே முளைத்து, வெளியே வர வழியில்லாமல் போனவை.

எத்தனை நாள் காத்திருப்பது என்பதில்தான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். முள்ளங்கியும் கீரையும் 3 முதல் 5 நாளில் தலைகாட்டும், வெண்டை 4 முதல் 7, தக்காளி 5 முதல் 8, கத்தரி 7 முதல் 10. மிளகாய் இரண்டு வாரம்கூட எடுக்கும். ஐந்தாம் நாள் மிளகாய் விதைத்த குழித்தட்டை, அதாவது நாற்று விடக் குழி குழியாக இருக்கும் தட்டை, கிளறிப் பார்ப்பவர் தன் கையாலேயே முளைவேரை ஒடித்துவிடுகிறார். கொத்தமல்லியும் தாமதம்தான். நாம் விதை என்று சொல்லும் அந்த உருண்டைக்குள் இரண்டு விதை இருக்கிறது, அதை லேசாகத் தேய்த்து இரண்டாகப் பிரித்துப் போடுவது அதற்காகத்தான். பாகல், புடலை மாதிரி தோல் கெட்டியானவற்றை ஒரு இரவு ஊறவைத்துப் போட்டால் தண்ணீர் உள்ளே போகிற நேரம் மிச்சமாகும்.

வெதுவெதுப்பு நம் ஊரில் பிரச்சினையே இல்லை என்று தோன்றும். உண்மையில் இங்கே அது அதிகமாவதுதான் பிரச்சினை. தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு மண்ணின் சூடு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருந்தால் சுகம். சித்திரை, வைகாசியில் தளத்தின் மேல் நேராக வைத்த கறுப்புத் தட்டுக்குள் சூடு அதைத் தாண்டி எங்கேயோ போய்விடும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது ஏதோ நாள் நட்சத்திரக் கணக்கு இல்லை. வெயில் தணிந்து, தென்மேற்குக் காற்றில் காற்றின் ஈரம் கூடி, மழையும் எட்டிப்பார்க்கிற நேரம் அது. விதைக்கு வேண்டிய மூன்றும் செலவில்லாமல் கிடைக்கிற பட்டம். தையிலும் அப்படி ஒரு வாய்ப்பு உண்டு. தொட்டியில் எப்போதும் போடலாம் என்பது சரிதான், ஆனால் முதல்முறை போடுகிறவர் ஆடியிலோ தையிலோ ஆரம்பித்தால் பாதி வேலையைப் பருவமே பார்த்துக்கொள்ளும்.

விதை பாக்கெட் சொல்லும் விஷயம்

பாக்கெட்டின் முன்பக்கப் படத்தைத்தான் எல்லாரும் பார்க்கிறோம். பின்பக்கம் முளைப்புத்திறன் என்று ஒரு சதவீதம் இருக்கும், அதாவது நூறு விதை போட்டால் எத்தனை முளைக்கும் என்ற கணக்கு. கூடவே பரிசோதித்த தேதியும் காலாவதி தேதியும் இருக்கும். இந்தியாவில் விதைச் சட்டம் 1966இல் வந்தது. அதன்கீழ் தக்காளிக்கும் கத்தரிக்கும் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 70 சதவீதம், மிளகாய்க்கு 60 சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள். ஆகவே 10 மிளகாய் விதையில் 6 முளைத்தால் நீங்கள் ஒன்றும் தப்பு செய்யவில்லை, விதையும் மோசமில்லை. எத்தனை செடி வேண்டுமோ அதைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு போடுங்கள்.

பழைய விதையா என்று சந்தேகம் வந்தால் தட்டு, மண் எல்லாவற்றையும் தயார் செய்வதற்கு முன் ஈரத்துணியில் 10 விதையை மடித்து, ஒரு டப்பாவில் மூடிவைத்துப் பாருங்கள். 10 நாளில் எத்தனை வால் விடுகிறது என்பது தெரிந்துவிடும். விதை காய்ந்தும் குளிர்ந்தும் இருக்கும்வரை அதன் தூக்கம் நீளும். இஸ்ரேலில் மசாதா கோட்டையில் கிடைத்த சுமார் 2000 ஆண்டுப் பழைய பேரீச்சை விதை ஒன்று 2005இல் முளைத்தது, அந்தப் பாலைவனத்தின் வறட்சிதான் அதைக் காப்பாற்றி வைத்திருந்தது. நம் வீட்டில் பிரித்த பாக்கெட்டை அடுப்படி ஜன்னலில் செருகி வைத்தால் ஈரமும் சூடும் சேர்ந்து ஒரே வருடத்தில் கதையை முடித்துவிடும். மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள்.

பாக்கெட்டில் வீரிய ஒட்டு என்று போட்டிருந்தால் அது இரண்டு தனித்தனி ரகங்களைக் கலந்து எடுத்த விதை. முளைப்பதிலும் காய்ப்பதிலும் எந்தக் குறையும் இருக்காது, ஆனால் அதன் பழத்திலிருந்து நீங்கள் எடுக்கும் விதை தாயைப் போலவே வராது, ஒவ்வொரு செடியும் ஒரு விதமாகப் போகும். விதை எடுத்து வைக்கும் ஆசை இருந்தால் நாட்டு ரகமோ, பி.கே.எம். 1 தக்காளி மாதிரி ஒட்டு அல்லாத ரகமோ வாங்குங்கள். அந்தத் தக்காளி அண்ணஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து பெரியகுளத்தில் உருவாக்கியது, நம் வெயிலுக்குப் பழகியது.

முளைப்பாரி சொல்லித்தரும் பாடம்

எங்கள் மதுரைப் பக்கம் அம்மன் கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவார்கள். மண்சட்டியில் எருவையும் வைக்கோலையும் பரப்பி, ஊறவைத்த பயறுகளை நெருக்கமாகப் போட்டு, வெளிச்சமே படாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். ராத்திரி ராத்திரி பெண்கள் கூடிக் கும்மியடிப்பார்கள். சின்ன வயதில் அத்தையோடு அந்த அறைக் கதவு திறக்கும்போது போயிருக்கிறேன், அந்த ஈர வாசனை இன்னும் மறக்கவில்லை. எட்டு ஒன்பது நாளில் பயிர் ஒரு சாணுக்கு மேல் உயர்ந்து, வெளிர் மஞ்சளாக, கையால் தடவினால் பட்டு மாதிரி இருக்கும். தலையில் தூக்கி ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கண்மாயில் கரைத்துவிடுவார்கள்.

இருட்டில் அவ்வளவு வேகமாக எப்படி உயர்ந்தது? முளையைப் பொறுத்தவரை வெளிச்சம் படாதவரை அது இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. இலையைப் பச்சையாக்குவதற்கோ தண்டைத் தடிமனாக்குவதற்கோ எதையும் செலவழிக்காமல், இருக்கிற கட்டுச்சோறு முழுவதையும் உயர்வதற்கே போடுகிறது, எப்படியாவது வெளிச்சத்துக்குப் போய்விட வேண்டும் என்று. சாமிக்கு வளர்க்கும்போது அது அழகு. அதே பயிரைக் கரைக்காமல் அறையிலேயே விட்டுவைத்தால் சோறு தீர்ந்ததும் சாய்ந்து மடிந்துவிடும்.

உங்கள் தக்காளி நாற்று நூல் மாதிரி நீண்டு படுத்தது இதனால்தான். பச்சைக்குழந்தை, வெயில் தாங்காது என்று நினைத்து மாடிப்படிக்கடியில், ஜன்னல் மூலையில் தட்டை வைத்திருப்பீர்கள். அங்கே அது முளைப்பாரிதான் ஆகும். நானும் முதல் இரண்டு வருடம் படிக்கட்டு ஓரத்தில்தான் வைத்தேன், நாற்று உயரமாக வருவதைப் பார்த்து நன்றாக வளர்கிறது என்றே நம்பினேன். நாற்றில் உயரம் நல்ல அறிகுறி இல்லை. குட்டையாக, தண்டு தடித்து, இலை அடர்பச்சையாக இருப்பதுதான் நல்ல நாற்று.

விதையிலை விரிந்த நாளோடு முதல் வேலை முடிந்தது. இனி செடி தன் சாப்பாட்டைத் தானே செய்ய வேண்டும். இலையில் இருக்கும் பச்சையம் வெயிலின் துணையால் காற்றையும் தண்ணீரையும் சேர்த்துச் சர்க்கரை ஆக்குகிறது, இதற்குப் பெயர் ஒளிச்சேர்க்கை. வெயில் என்பது இந்த அடுப்பின் நெருப்பு. ஆகவே மண்ணில் வளைந்த கழுத்துகள் தெரிய ஆரம்பித்த அன்றே தட்டை வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். முதலில் காலை வெயில் இரண்டு மணி நேரம், ஒரு வாரத்துக்குள் நாலைந்து மணி நேரம். கோடையில் உச்சிவெயிலுக்கு மட்டும் நிழல்வலை போதும்.

விதையிலைக்குப் பின் நடுவிலிருந்து வருகிற இலைகள் பார்ப்பதற்கே வேறு மாதிரி இருக்கும். தக்காளியில் விதையிலை மொழுமொழுவென்று நீளமாக இருக்கும், அடுத்து வருவது ஓரம் வெட்டுப்பட்டு, கசக்கினால் தக்காளி வாசனை அடிக்கும். இந்த உண்மையிலைகள் இரண்டு வந்த பிறகுதான் உரத்தைப் பற்றி நினைக்க வேண்டும், அதுவும் மண்புழு உரத்தைக் கரைத்து வடித்த தண்ணீரோ வெகுவாக நீர்த்த பஞ்சகவ்யமோ வாரம் ஒரு தடவை. அப்புறம், நெருக்கமாக முளைத்ததைக் கலைத்துவிடுங்கள். தட்டின் ஒரு குழியில் மூன்று செடி இருந்தால் திடமான ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட வேண்டும், பிடுங்கினால் பக்கத்து வேரும் கூட வரும். மனசு வராது. ஆனால் மூன்றையும் வைத்திருந்தால் மூன்றும் வெளிச்சத்துக்குப் போட்டிபோட்டு நீளும்.

இதுவரை: முளைக்கும்வரை இருட்டானாலும் பரவாயில்லை, முளைத்த நாளிலிருந்து வெளிச்சம்தான் உணவுக்கு வழி. உரம் உண்மையிலை வந்த பிறகு, கொஞ்சமாக.

ஒரே ராத்திரியில் சாயும் நாற்று

நேற்று வரை நன்றாக நின்ற நாற்று காலையில் படுத்துக் கிடக்கும். இலை பச்சையாகத்தான் இருக்கும். மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் தண்டு வெந்ததுபோல நீர்கோத்து, நூலாக இளைத்திருக்கும். இதுதான் நாற்றழுகல் நோய். மண்ணில் வாழும் பூஞ்சை வகைகளால் வருவது, எப்போதும் நனைந்தே இருக்கிற மண்ணும் நெருக்கமான நாற்றும்தான் அதற்குப் பிடித்த இடம். ஒரு மூலையில் ஆரம்பித்து இரண்டு நாளில் தட்டு முழுக்கப் பரவிவிடும். விழுந்த நாற்றைக் காப்பாற்ற வழியில்லை, அதை மண்ணோடு எடுத்து எறிந்துவிட்டு மீதியைக் காயவிடுவதுதான் உடனே செய்யக்கூடியது.

வராமல் தடுப்பது சுலபம். முளைக்கும்வரை மேல்மண் காயக் கூடாது, முளைத்த பிறகு மேல்மண் ஒவ்வொரு நாளும் கொஞ்சமாவது காய வேண்டும். பலர் இந்த மாற்றத்தைச் செய்வதில்லை, முதல் வாரத்துப் பழக்கத்திலேயே காலையும் மாலையும் பூவாளியை எடுக்கிறார்கள். காலையில் ஒரு தடவை விடுங்கள், மாலையில் விரலை வைத்துப் பார்த்து, ஈரம் ஒட்டினால் விட்டுவிடுங்கள். விதைக்கும்போது டிரைகோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூளை விதையோடு புரட்டிப் போடுவதும் உதவும். வேளாண் துறை சொல்லும் அளவு ஒரு கிலோ விதைக்கு 4 கிராம், நம் பாக்கெட்டுக்கு ஒரு சிட்டிகை.

எல்லாவற்றையும் நாற்றாக விட வேண்டாம்

தக்காளி, கத்தரி, மிளகாய், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் நாற்றுவிட்டு நடுவதற்கு ஏற்றவை, வேர் அறுந்தாலும் புதிதாகக் கிளைத்துக்கொள்ளும். முள்ளங்கி, கேரட், பீட்ரூட்டை இருக்கும் இடத்திலேயே போட வேண்டும். அங்கே முளைவேர்தான் கிழங்காகப் பருக்கிறது, அதைப் பிடுங்கி நட்டால் இரண்டாகப் பிளந்து கோணலாக வரும். வெண்டை, பீன்ஸ், அவரை, பாகல், புடலை, சுரை எல்லாம் ஆழமாக ஒரு வேரை இறக்குகிற செடிகள், இடம் மாற்றுவது பிடிக்காது. அவற்றை நேரடியாகப் பையிலேயே ஊன்றிவிடுங்கள். கடையில் வெண்டை நாற்று, பீன்ஸ் நாற்று என்று விற்பதைப் பார்க்கிறேன், அதற்குக் கொடுக்கும் காசு வீண் என்பதே என் அபிப்பிராயம்.

நாற்றுப் பண்ணையில் வாங்கப் போனால் நம் கண் தானாகப் பெரிய செடிக்குத்தான் போகும். ஒருமுறை கத்தரி நாற்று வாங்கினேன், ஒரு அடி உயரம், ஒன்றில் மொட்டுகூட வந்திருந்தது. வீட்டுக்கு வந்து குழியிலிருந்து உருவினால் மண்ணே தெரியவில்லை, வெள்ளை வேர் குழியின் வடிவத்திலேயே சுற்றிச் சுற்றிப் பிரிமணை மாதிரி இறுகியிருந்தது. அப்படியே நட்டேன். ஒன்றரை மாதம் கழித்து, வளரவே இல்லையே என்று பிடுங்கிப் பார்த்தபோதும் வேர் அதே பிரிமணைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது, பக்கத்து மண்ணுக்குள் ஒரு விரல் அளவுகூடப் போகவில்லை. சின்னக் குழியில் அதிக நாள் இருந்த நாற்றுக்கு இதுதான் கதி. தக்காளி 25 நாள், கத்தரி 30 முதல் 35, மிளகாய் 35 முதல் 40, இந்த வயதில் அரையடிக்குள் இருக்கும் செடிதான் நல்லது. வயதை விசாரித்து வாங்குங்கள், மொட்டு வந்ததை விட்டுவிடுங்கள்.

நட்ட பிறகு செடி ஏன் வாடுகிறது

வேரில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மெல்லிய இழைகள் இருக்கும், வேர்த்தூவி என்பார்கள். மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சும் வேலையில் பெரும்பங்கு இவற்றுடையது. நாற்றைப் பிடுங்கும்போது இவற்றில் நிறைய அறுந்துவிடுகின்றன. மேலே இலைகள் பழையபடி தண்ணீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கின்றன. கல்யாண வீட்டில் பந்தி முழுக்க ஆள் உட்கார்ந்திருக்க, பரிமாற ஒரே ஒருவர் நிற்பது போன்ற நிலைமை. அண்டா நிறையச் சோறு இருக்கிறது, இலைக்கு வந்து சேரவில்லை. செடி வாடும்போது மண்ணில் தண்ணீர் இல்லை என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றுவது அண்டாவை மட்டும் நிரப்புவது மாதிரி. மிச்சம் இருக்கிற வேருக்கும் காற்றில்லாமல் போகும்.

செய்ய வேண்டியது பந்தியின் பசியைக் குறைப்பது. சாயங்காலம் நடுங்கள், ராத்திரி முழுக்க ஓய்வு கிடைக்கும். நடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு குழித்தட்டுக்குத் தண்ணீர் விட்டு, தண்டைப் பிடித்து இழுக்காமல், குழியை அடியிலிருந்து அழுத்தி மண்கட்டியோடு எடுங்கள். மூன்று நாலு நாள் மதிய வெயிலுக்கு மறைப்பு கொடுங்கள், ஒரு பழைய துண்டைக் கட்டினாலும் போதும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பே தட்டை முழு வெயிலுக்கும் மாடிக் காற்றுக்கும் பழக்கி, தண்ணீரையும் கொஞ்சம் குறைத்திருந்தால் இன்னும் நல்லது. இதைக் கடினப்படுத்துதல் என்பார்கள், இதனால் இலை தடித்துத் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கும்.

தக்காளிக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. அதன் தண்டு மண்ணுக்குள் போனால் அந்தத் தண்டிலிருந்தே வேர்விடும். நீண்டுபோன தக்காளி நாற்றின் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டில் பாதியை மண்ணுக்குள் புதைத்து நட்டால் அந்தக் குறையே பலமாகிவிடும். கத்தரியையும் மிளகாயையும் தட்டில் இருந்த மட்டத்திலேயே நடுங்கள்.

அதன்பிறகு ஒரு வாரம், பத்து நாள் செடி ஒன்றுமே செய்யாததுபோல நிற்கும். புதிதாக நட்டவர்கள் பொறுமை இழந்து உரம் போடுவது இந்த வாரத்தில்தான், அறுந்த வேரின் காயத்தில் உப்பைத் தேய்ப்பதற்குச் சமம் அது. செடி சும்மா இல்லை, கீழே வேர் ஓடிக்கொண்டிருக்கிறது. மதியம் தொய்ந்த இலை மாலையில் தானாக நிமிர்ந்தால் கவலை வேண்டாம், காலையிலும் தொய்ந்திருந்தால் மட்டும் மண்ணை விரலால் தொட்டுப் பாருங்கள். தினமும் காலையில் பார்க்க வேண்டிய இடம் நடுக்குருத்து. பழைய இலைகளின் கரும்பச்சைக்கு நடுவே ஒருநாள் நகக்கண் அளவுக்கு, எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்போடு, இளம்பச்சையில் ஒரு புது இலை எட்டிப்பார்க்கும். வேர் பிடித்துவிட்டது. தூரிலிருந்து நாலு விரல் தள்ளி, இரண்டு கைப்பிடி மண்புழு உரத்தை இப்போது போடுங்கள்.